அம்மாவிடம் எல்லாம் இருக்கு

தம்பி,

இந்தக் கடிதத்தை ஒரு உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ என்னைப் பற்றி நாடறிய வானொலியில் கதைத்தாய். அதனால் நானும் நாலு பேர் அறிய, எங்கள் சங்க மலரிலேயே எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்று தெரியும். எடுக்கட்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பனிக்குள்ளால் உன்னை இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். விளங்காத சொல் வந்தால் அந்தக் கைத்தொலைபேசியிடம் கேட்காதே. என்னிடம் கேள்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்திரிகைக்காரியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாய். நிலவறையில் நான் சேர்த்து வைத்திருக்கும் தண்ணீர்க் கான்களுக்கும் பருப்புப் பைகளுக்கும் முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுக்கவேண்டும் என்றாய். "நோர்வேயிலேயே ஆகத் திறமா ஆயத்தமா இருக்கிற அம்மா எண்டு போடுவினம்" என்று சொல்லிச் சிரித்தாய். உன் கட்சி கொண்டுவர நிற்கும் வரிக்கழிவுக்கு என் முகம் நல்ல விளம்பரம்தான். ஆனால் நான் மாட்டேன். காரணம் ஒன்றே ஒன்று. எங்கள் பக்கம் மின்சாரம் போன அன்று நீ வரவில்லை. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பாய். தொடர்பு இருக்கிறது. பொறுமையாய் வாசி.

நீ கட்சிக்கு நிதி ஆலோசகன். இதை உனக்காகச் சொல்லவில்லை, மலரை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுத் தபால்பெட்டியிலும் ஒரு சிறு புத்தகம் போட்டிருந்தது அல்லவா? சண்டை வரலாம், புயல் வரலாம், மின்சாரமும் தண்ணீரும் நிற்கலாம், ஒரு கிழமைக்கு உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. வாசித்துவிட்டுச் சிரிப்பு வந்தது. மீனுக்கு நீந்தப் படிப்பிக்கிறார்களே என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் நீ வந்து என் குசினி மேசையில் இருந்து, தோசையைப் பிய்த்தபடி உங்கள் திட்டத்தைச் சொன்னாய். தண்ணீர்க் கான், சின்ன அடுப்பு, பற்றரி வானொலி என்று இப்படியான சாமான் வாங்குகிறவர்களுக்கு அந்தச் செலவில் ஒரு பங்கை வருமான வரியில் கழித்துக் கொடுப்பதுதான் அந்தத் திட்டம்.

"நீங்கள் ரசீதை வைச்சிருந்தால் காணும் அம்மா. மிச்சத்தை அவையள் பாப்பினம்."

"ஆர் அவையள்?"

"அரசாங்கம்தான்."

"அவைக்கு என்னத்துக்கு உந்த வேலை?"

"சனம் ஆயத்தமா இருக்கவேணும் எண்டுதான்."

"அது விளங்குது. என்னத்துக்கு எண்டு கேக்கிறன்."

நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். கோபத்தை அடக்கும்போது உன் அப்பாவும் அதைத்தான் செய்வார். "அம்மா, உங்களுக்கு எல்லாத்திலையும் சந்தேகம்" என்றாய். ஓம் ராசா, எனக்குச் சந்தேகம்தான். சோழியன் குடுமி சும்மா ஆடாது. ஒரு அரசாங்கம் தானாகவே வந்து, உன் வரியைக் குறைக்கிறேன், நீ உன் வீட்டில் என்ன வைத்திருக்கிறாய் என்று மட்டும் சொல் என்றால், நான் முதலில் கதவின் தாழ்ப்பாளைத்தான் பார்ப்பேன். எனக்குப் பழக்கம் அப்படி.

அந்தப் பழக்கம் எங்கே இருந்து வந்தது என்று உனக்கு அரைகுறையாய்த் தெரியும். முழுதாய்ச் சொல்லவில்லை, ஏனென்றால் நீ இந்த நாட்டில் பயமில்லாமல் வளரவேண்டும் என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்துக்குச் சாமான் போகக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்த காலம் அது. மண்ணெண்ணெய் இல்லை, மெழுகுதிரி இல்லை, சவர்க்காரம் கூட இல்லை. பற்றரி வைத்திருந்தால் நீ குண்டு வைக்கிறவன். உன் பெரிய மாமா ஒருமுறை வவுனியாப் பக்கம் போய்வரும்போது, ரோச் லைற்றுக்கென்று ஒரு சோடிப் பற்றரியைச் சோற்றுப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டு வந்தார். சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து சோற்றைக் கிளறினார்கள். அதோடு அவரைக் கொண்டு போனார்கள். திரும்பி வந்தார், அதுவே பெரிய புண்ணியம். ஆனால் அவர் இன்றைக்குக் கனடாவில் மாடி வீடு வைத்திருக்கிறார், இன்னும் அந்த வீட்டில் ஒரு ரோச் லைற் இல்லை. வேண்டுமானால் அடுத்தமுறை போகும்போது தேடிப் பார். ஒரு அரசாங்கம் பற்றரி வைத்திருந்தவனைப் பிடித்துக்கொண்டு போனது. இன்னொரு அரசாங்கம் பற்றரி வைத்திருந்தால் வரியைக் குறைக்கிறேன் என்கிறது. ஒரே ஆயுளில் இரண்டையும் கண்டவளுக்குச் சந்தேகம் வராமல் வேறு என்ன வரும்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது.

அதனால்தான் நான் சேர்ப்பதை உன்னைத் தவிர ஒருவருக்கும் சொல்வதில்லை. இங்கே எங்கள் மாடிக் குடியிருப்பின் நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு களஞ்சியம் இருக்கிறது, உனக்குத் தெரியும். சுவர் இல்லை, கம்பிவலைதான். கோழிக்கூடு மாதிரி. போகிற வருகிறவனெல்லாம் அடுத்தவனின் பனிச்சறுக்குப் பலகையையும் பழைய தொட்டிலையும் பார்த்துக்கொண்டு போகலாம். எனக்கு அது சரிவரவில்லை. என் பழைய நூல் சேலைகளை உள்பக்கத்தால் சுற்றிவரக் கட்டினேன். அதற்குப் பின்னால்தான் என் அரிசி, பருப்பு, தண்ணீர், அடுப்பு, தீப்பெட்டி, பற்றரி எல்லாம். பக்கத்துக் களஞ்சியக்காரன் ஒருநாள், "உள்ளே என்ன, கோயிலா?" என்று கேட்டான். "ஓம், கோயில்தான்" என்றேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கத்தால் போகும்போது குரலைத் தாழ்த்திக் கதைக்கிறான். எனக்கும் அது வசதியாய்ப் போயிற்று.

இதையெல்லாம் வீட்டுக்குள் வைத்திருக்கலாமே என்று அன்றைக்குக் கேட்டாய். வீட்டுக்குள் வைத்தால் வருகிற ஆட்கள் பார்ப்பார்கள். பார்த்தால் கதைப்பார்கள். நிலவறையில் இருந்தால் உனக்கும் எனக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். அதிலும் ஒரு பயம் இருந்தது, களவு. போன வருடம் கீழே ஒன்றிரண்டு சைக்கிள்கள் காணாமல் போனபோது, குடியிருப்புக் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்தப் பழைய சாவிப் பூட்டை மாற்றுங்கள், அந்தப் பிளாஸ்டிக் வில்லையைக் காட்டித் திறக்கிற மின்சாரப் பூட்டைப் போடுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான். செலவு கூட என்று தலைவர் முணுமுணுத்தார். நான் விடவில்லை. என் நோர்வேஜிய மொழியில் பிழை பிடித்து நீ சிரிப்பாய், அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. பூட்டு மாறியது. நிலவறைக் கதவு வங்கிப் பெட்டகம் மாதிரி ஆனது. இந்தப் பூட்டை மறந்துவிடாதே, திரும்ப வருவேன்.

இந்த நாட்டுச் சனத்தையும் நான் முதலில் நம்பவில்லை. நானும் அப்பாவும் வந்து இறங்கியது வடக்குக் கோடியில் இருக்கிற ஹம்மர்பெஸ்ட்டில் என்று உனக்குத் தெரியும். மீன் வெட்டுகிற வேலை. முதல் மாரியில் ஒரு புயல் அடித்தது. காலையில் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை, வெளியே கழுத்தளவு பனி. நானும் அப்பாவும் உள்ளே இருந்து முழித்துக்கொண்டிருக்கிறோம், வெளியே யாரோ இடிக்கிற சத்தம். அப்பா வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார். "ஆளெண்ண வந்திட்டாங்கள்" என்றார். ஊரில் விடிய வந்து கதவில் தட்டுகிறவன் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எண்ணத்தான் வருவான். கதவு திறந்தது. அடுத்த வீட்டு மீன்பிடிகாரன், பனி அள்ளுகிற சவளோடு, மீசை முழுக்கப் பனி. எட்டிப் பார்த்து, "உயிரோடு இருக்கிறீர்களா?" என்று கேட்டான். நாங்கள் தலையாட்டினோம். நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தோண்டப் போய்விட்டான். ஒரு தேத்தண்ணிக்குக்கூட நிற்கவில்லை. அவர்கள் வீட்டு நிலவறைகளில் உருளைக்கிழங்கும் உப்பிட்ட மீனும் எப்போதும் நிறைந்திருந்தன. ஒருவரும் அவர்களுக்கு வரி கழித்ததில்லை. அவன் சவளைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கும் ஒருவரும் கழித்ததில்லை. அப்பா அன்று முழுக்கத் தும்புத்தடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

திரும்ப உன் தோசைக்கும் திட்டத்துக்கும் வருகிறேன். நான் அன்று உன்னிடம் இன்னொன்றும் கேட்டேன், நினைவிருக்கிறதா? எதிர்வீட்டு நோர்வேக்காரி பெரித்தைப் பற்றி. என்னைவிட வயது மூத்தவர், தனி ஆள், சின்ன ஓய்வூதியம். வரி என்று அவர் கட்டுவது கொஞ்சமோ ஒன்றுமே இல்லையோ.

"வரியே கட்டாத மனிசிக்கு எதிலை கழிப்பியள்?" என்று கேட்டேன்.

"அது... அவைக்கு வேறை வழி யோசிக்கவேணும் அம்மா. பிறகு பாப்பம்."

"அப்ப மலையிலை ஒரு வீடு, கரையிலை ஒரு வீடு, கராச்சிலை ரெண்டு கார் வைச்சிருக்கிறவன் இன்னும் ஒரு அடுப்பு வாங்கிக் கழிப்பான். பெரித் இருட்டிலை இருப்பா. மெய்யே?"

"நீங்கள் எதிர்க்கட்சியிலை சேரலாம் அம்மா" என்றாய். நல்ல பகிடி. அதோடு கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டாய். அன்று இரண்டு சந்தேகத்தோடு உன்னை வழியனுப்பினேன். என் வீட்டில் இருப்பதை இவர்கள் ஏன் அறியவேண்டும்? இருக்கிறவனுக்கே ஏன் மேலும் கொடுக்கவேண்டும்? உண்மையில் பயப்படவேண்டிய மூன்றாவது சந்தேகம் எனக்கு அப்போது வரவில்லை. அது மின்சாரம் போன அன்றுதான் வந்தது.

தை மாதம், பின்னேரம், வெளியே ஏற்கெனவே இருட்டு. நான் சோறு காய்ச்சிக்கொண்டிருந்தேன். பட்டென்று எல்லாம் நின்றது. ஜன்னலால் பார்த்தேன், எங்கள் பக்கத்து மாடிகள் எல்லாம் கறுப்பு. தூரத்தில் நகரம் மட்டும் பளிச்சென்று இருந்தது, அதாவது நீ இருக்கிற பக்கம். எனக்குப் பயம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு மாதிரிப் பெருமைதான் வந்தது. இவ்வளவு காலம் சேர்த்தேனே, இப்போது தெரியட்டும் என்று மேலங்கியைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினேன். நிலவறைக் கதவுக்கு முன்னால் நின்று வில்லையைக் காட்டினேன். ஒன்றுமில்லை. திரும்பக் காட்டினேன். துடைத்துவிட்டுக் காட்டினேன். பிறகுதான் புத்தியில் உறைத்தது. மின்சாரப் பூட்டு, தம்பி. மின்சாரம் இல்லை. என் தண்ணீர், என் அடுப்பு, என் பற்றரி எல்லாம் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். ஒற்றைக் காலில் நின்று போடச் சொன்ன பூட்டு. ஐயோ, கோதாரி, அந்த இருட்டில் நின்று என்னை நானே ஏசினேன். ஒளிப்பதில் கெட்டிக்காரி, கடைசியில் எனக்கே ஒளித்துவிட்டேன்.

திரும்ப மேலே ஏற வெகுநேரம் பிடித்தது. என் முழங்கால்களைப் பற்றி உன்னிடம் சொல்வதில்லை, இப்போது சொல்கிறேன், அவை சரியில்லை. மேலே வந்து ஒரு ஜாம் போத்தலில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டுக் கொளுத்தினேன். தடைக்காலத்தில் நாங்கள் படித்ததெல்லாம் அந்தப் போத்தல் விளக்கில்தான். கை தானாகவே செய்தது. செய்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினேன், வெளியே வெளிச்சம் தெரியக்கூடாதென்று. ஒஸ்லோவில் எந்த விமானம் வந்து என் மேல் குண்டு போடப்போகிறது? ஆனாலும் மூடினேன். குளிர் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன பற்றரி வானொலியைப் போட்டேன். அது ஒன்றுதான் மேலே இருந்தது.

வானொலியில் உன் குரல்.

முதலில் சந்தோசப்பட்டேன், பொய் சொல்லமாட்டேன். பிள்ளை நல்ல வடிவாய்க் கதைக்கிறான் என்று பார்த்தேன். மின்சாரத் தடை பற்றிய அவசர நிகழ்ச்சி. ஒவ்வொரு வீடும் ஆயத்தமாய் இருந்தால் மீட்புப் படையினர் உண்மையில் தேவைப்படுகிறவர்களிடம் போகலாம் என்று விளக்கினாய். அதற்காகத்தான் வரிக்கழிவு என்றாய். அப்போது நிகழ்ச்சி நடத்துகிறவர், உங்கள் குடும்பத்தில் யாராவது அந்தப் பகுதியில் இருக்கிறார்களா என்று கேட்டார். நீ சிரித்தாய். "என் அம்மா இருக்கிறார். ஆனால் அவரைப் பற்றி எனக்குக் கொஞ்சமும் கவலையில்லை. அம்மாவிடம் எல்லாம் இருக்கு" என்றாய். கடைசி மூன்று சொல்லையும் தமிழில் சொல்லிப் பிறகு அவர்களுக்கு மொழிபெயர்த்தாய். அவர்களும் சிரித்தார்கள்.

நான் மேலங்கியோடு, ஜாம் போத்தலுக்கு முன்னால், அரைவேக்காட்டுச் சோற்றோடு இருந்து அதைக் கேட்டேன். அப்போதுதான் அந்த மூன்றாவது சந்தேகம் வந்தது. இவர்கள் எதற்காகக் காசு தருகிறார்கள் என்று அன்றைக்குக் கேட்டேனே, நீ பதில் சொல்லாமல் கண்ணாடி துடைத்தாயே, பதிலை வானொலியில் நீயே சொல்லிவிட்டாய். ஆயத்தமாய் இருக்கிறவனிடம் ஒருவரும் போகத் தேவையில்லை. அந்தக் கழிவு, நாங்கள் வரமாட்டோம் என்பதற்கு முன்கூட்டியே தருகிற காசு. அரசாங்கம் வராவிட்டால் போகட்டும் தம்பி, அரசாங்கம் வருமென்று நான் என் ஆயுளில் ஒருநாளும் எதிர்பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு நொந்தது அதற்கல்ல.

கொஞ்ச நேரத்தில் கதவில் தட்டுகிற சத்தம். நான் விளக்கை ஊதி அணைத்தேன். பார், அணைத்தேன்! மூச்சுக் காட்டாமல் இருந்தேன். வானொலியில் என்னிடம் எல்லாம் இருக்கு என்று என் பிள்ளையே விளம்பரம் செய்துவிட்டான், இனி மாடி முழுக்கக் கேட்டு வரும் என்று நினைத்தேன். திரும்பத் தட்டியது. கதவுத் துளையால் பார்த்தேன். பெரித், கையில் மெழுகுதிரி, கக்கத்தில் ஒரு சுடுநீர்ப் போத்தல். பார், கேட்க வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே திறந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. உள்ளே வந்து மேசையில் மெழுகுதிரியை ஊன்றினார், போத்தலில் இருந்து கோப்பி ஊற்றினார், காலையில் போட்டதாம், இன்னும் சூடாய் இருந்தது. பிறகு சொன்னார். அவருடைய மொழியில் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"உன் மகன் வானொலியில் பேசியதைக் கேட்டேன். உன்னிடம் எல்லாம் இருக்கிறது என்றான். அப்படியானால் உன்னிடம் ஒருவரும் வரமாட்டார்களே என்று நினைத்தேன். அதுதான் வந்தேன்."

தம்பி, நான் அழுதேன். வேறு என்ன செய்ய? உன் கழிவு ஒரு சதமும் போய்ச் சேராத அந்த மனிசி, வீட்டில் இருந்த ஒரே மெழுகுதிரியை எனக்குக் கொண்டு வந்திருந்தார். நான் நிலவறைப் பூட்டின் கதையைச் சொன்னேன். சேலைக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது என்றும் சொன்னேன், இந்த நாட்டில் முதல்தடவையாக ஒரு வெளியாளிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கோப்பி சிந்தியது. மூன்றாம் மாடிச் சென்னைப் பெண்ணும் சத்தம் கேட்டு இறங்கி வந்து, "ஆன்ட்டி, எங்க ஊர்ல கரண்ட் போனா நாங்க யாரும் இவ்ளோ சிரிக்க மாட்டோம்" என்றாள். அப்படியே வெளிச்சம் வரும்வரை மூன்று பேரும் இருந்தோம்.

அந்த நேரத்தில்தான் உன் செய்தி வந்தது. "அம்மா, ஓகேதானே?" என்று. நான் என்ன பதில் போட்டேன் என்று உன் தொலைபேசியில் இருக்கும், எடுத்துப் பார். "எல்லாம் இருக்கு. பயப்பிடாதை." பெரித் தந்த கோப்பியைக் குடித்துக்கொண்டு, அவருடைய மெழுகுதிரி வெளிச்சத்தில் அதை எழுதினேன். ஆகவே பிழை முழுதையும் உன் தலையில் கட்ட நான் வரவில்லை. அப்பா கண்ணை மூடிய பிறகு நீ ஒவ்வொரு முறையும், "என்ன அம்மா வேணும், வரட்டே?" என்று கேட்டாய். ஒவ்வொரு முறையும் நான், எல்லாம் இருக்கு என்றேன். நீ கேட்பது குறைந்தது. நான் சொல்வது குறையவில்லை.

அந்தச் சொல்லை நான் எங்கே படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பற்றரிக் கதைக்குப் பிறகு கொழும்பில் போய் இருந்த உன் பெரிய மாமா, சண்டைக் காலத்தில், வீட்டைப் பார்க்க வரட்டுமா என்று கடிதம் போடுவார். வருகிற வழியில் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடக்கவேண்டும், கடந்தவர்கள் எல்லோரும் கரை சேரவில்லை. வீட்டில் அரிசி இருக்காது, விளக்குக்கு எண்ணெய் இருக்காது, காய்ச்சலுக்கு ஒரு குளிசை இருக்காது. ஆனாலும் நாங்கள் எழுதுவோம், எல்லாம் இருக்கு, வரவேண்டாம் என்று. வராதே என்பதுதான் அன்றைக்கு அன்பு. வராதவன் உயிரோடு இருப்பான். அந்தச் சொல்லை நான் கடல் தாண்டிக் கொண்டு வந்து, ஹம்மர்பெஸ்ட்டிலும் ஒஸ்லோவிலும் பத்திரமாய் வைத்திருந்து, வழியில் ஒரு ஆமிக்காரனும் இல்லாத பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒரு சுரங்கரயில். அதுவும் அன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.

திட்டத்தைக் கைவிடு என்று நான் சொல்லவில்லை. கழிவு கொடுங்கள், கொடுக்காமல் விடுங்கள், அது உங்கள் பாடு. ஆனால் பெரித்துக்கு என்ன வழி என்று எழுதாமல் அதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டு போகாதே. மின்சாரம் போனால் யார் யாருடைய கதவில் தட்டவேண்டும் என்று அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் அது ஆயத்தம் இல்லை, கடைக்காரனுக்கு வியாபாரம். நிலவறைக்குப் பழைய சாவிப் பூட்டும் வேண்டும் என்று நானும் பெரித்தும் குடியிருப்புத் தலைவரிடம் போனோம். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் சொல்ல முடியாது. என் களஞ்சியத்தின் மறுசாவி இப்போது பெரித்திடம் இருக்கிறது. உனக்கு அதிசயமாய் இருக்கும், எனக்கும்தான். சேலைகளை மட்டும் கழற்றவில்லை. அவ்வளவு தூரத்துக்கு நான் இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைக்காரி வேண்டாம். நீ வா. தண்ணீர்க் கான் ஒன்றையும் அடுப்பையும் மேலே தூக்கித் தரவேண்டும், என்னால் முடியவில்லை. பாதிப் பற்றரியைப் பெரித்தின் வீட்டில் கொண்டுபோய் வைக்கவேண்டும். ரசீது கேட்காதே, எல்லாம் எறிந்துவிட்டேன்.

சின்ன வயதில் இருந்து உனக்கு ஒன்றைத்தான் சொல்லித் தந்தேன், ஒருவரையும் லேசில் நம்பாதே என்று. கடைக்காரனை, அரசாங்கத்தை, இனாமாய்த் தருகிறவனை எல்லாம் சந்தேகப்படு என்றேன். அந்த வரிசையில் ஒரு பெயரைச் சேர்க்க மறந்துவிட்டேன். இனிமேல் மின்சாரம் போனால், புயல் அடித்தால், அல்லது ஒன்றுமே இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் உன் தொலைபேசிக்கு "எல்லாம் இருக்கு, பயப்பிடாதை" என்று செய்தி வந்தால், அதை நம்பாதே, ராசா. எழுதியது உன் அம்மா. உடனே புறப்பட்டு வா.

அம்மா